கழுத்துக்குக் கீழே

சலூன்காரரின் மகளுக்குக் கழுத்துக்குக் கீழே வரையத் தெரியாது என்கிற சங்கதி பதினெட்டு வருஷம் யாருக்கும் தெரியாமலே இருந்தது. அவளுக்கே தெரியாது. அவள் வரைந்த தலைகளைப் பார்த்தவர்கள் தலையோடு நின்றுவிட்டார்கள். இதற்குக் கீழே உடம்பு என்று ஒன்று இருக்க வேண்டுமே என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு அந்தத் தலைகள் நன்றாக இருந்தன.

சலூன், மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது. இரண்டு நாற்காலிகள். ஒன்றுதான் சுழலும், மற்றது அழகுக்கு. எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே ஒரு நீளப் பலகை, அதில் சீப்புகள், கத்தரிகள், தண்ணீர் அடிக்கிற குப்பி, பவுடர் டப்பா. பின்பக்கம் மரப்படி ஏறினால் வீடு. சலூன்காரரின் மனைவிக்குத் தபால் நிலையத்தில் கடிதங்களை விலாசம் பார்த்து ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலை. விடிந்ததும் கிளம்பிவிடுவாள். ஆகவே மூன்று வயதிலிருந்து பிள்ளைக்குப் பகல் முழுக்கச் சலூன்தான் வீடு. அந்தச் சுழலாத நாற்காலிக்கு அப்படி ஒரு உபயோகம் வந்தது.

ஒருநாள் பவுடர் டப்பா கவிழ்ந்து பலகை முழுக்க வெள்ளையாகிவிட்டது. அப்பா துடைப்பதற்குள் பிள்ளை சீப்பை எடுத்து அதில் இழுத்துவிட்டாள். முதலில் வளைவு வளைவாகச் சில கோடுகள், அப்புறம் ஓரத்தில் விரலால் ஒரு மூக்கு. நாற்காலியில் இருந்த பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். தலையில் ஒரு முடிகூட நேராக இல்லாத மனிதர் அவர். பார்த்தவர், இது என் தலைதான், என் மூக்குதான், இதைத் துடைத்தால் இனி இந்தக் கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவர் வேறு நாலு டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டும்வரை பவுடர் அப்படியே கிடந்தது. அன்றைக்கு அவளுக்குப் ‘பொடி’ என்று பெயர் விழுந்தது. ஆளும் பொடிசாக இருந்தாள், பவுடரும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்துப் பெயரைப் பிறகு பள்ளிக்கூடம் மட்டும்தான் கூப்பிட்டது.

சலூன்காரருக்கு ஒரு பூனை வரையத் தெரியாது. ஆனால் வாய் ஓயாது. எந்தத் தலை வந்து உட்கார்ந்தாலும் அதைப் பற்றி அந்தத் தலைக்கே ஒரு பிரசங்கம் செய்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். உங்களுக்குச் சுழி நடு உச்சியில் இல்லை, இடதுபக்கம் ஒதுங்கியிருக்கிறது, அதனால்தான் முன்முடி படியமாட்டேன் என்கிறது. உங்கள் பிடரி மேலே ஏறி முடிகிறது, காலரை ஏற்றிப் போடுங்கள். உங்கள் வலது காது இடதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கிறது, பயப்படாதீர்கள், கிருதாவில் சரிசெய்துவிடுகிறேன். இதையெல்லாம் அவர் யாருக்கும் கற்றுக்கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. சும்மா இருக்க முடியாமல் சொன்னார். பொடி கேட்டுக்கொண்டே இருந்தாள். காலண்டரின் பின்பக்கம் முழுக்கச் சுழிகளும் காதுகளும் நிரம்பின.

பத்து வயதில் ஒரு கோளாறு வந்தது. அவள் போட்ட முகங்கள் அச்சாக இருந்தன, ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோனால் வேறு யாரோபோல இருப்பதாகப் புகார். பஸ் டிரைவரின் மனைவி, இது உங்கள் கூடப்பிறந்தவரா, இத்தனை நாள் சொல்லவில்லையே என்று கேட்டாளாம். வகிடு வலதுபக்கம் இருக்க வேண்டியது இடதுபக்கம் இருந்தது. பிள்ளை நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்; வாடிக்கையாளர்களை அவள் நேரில் பார்த்ததே இல்லை, கண்ணாடிக்குள்தான் பார்த்திருந்தாள். கண்டுபிடித்ததும் அவளே நாற்காலியை இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் எல்லா மனிதர்களும் அவளுக்குக் கோணலாகத் தெரிந்தார்கள். பிறகு பழகிவிட்டது.

பதிமூன்று வயதில் அவள் கடைக்கே ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தாள். மழை பிடித்துக்கொண்டு தெருவில் ஆளில்லாத ஒரு பிற்பகலில், வக்கீல் ஒருவர் நனைந்து வந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் ஒட்ட வெட்டி உச்சியில் நிமிர்த்தி நிறுத்தும்படி கேட்டார். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். பொடி ஒரு காகிதத்தில் வக்கீலின் முகத்தைப் போட்டு, அவர் கேட்ட முடியை அதன்மேல் வைத்து நீட்டினாள். வக்கீல் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, எப்போதும்போல வெட்டிவிடும்படி தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து முதலில் காகிதத்தில், பிறகு தலையில் என்றாகிவிட்டது. எதிர் வரிசையில் ஏ.சி. சலூன் ஒன்று திறந்தபோதுகூட இவர்கள் கடையில் கூட்டம் குறையவில்லை.

ஆகவே அவள் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. நுழைவுத் தேர்வில் ஒரு முதியவரை உட்காரவைத்து முகத்தை வரையச் சொன்னார்கள். முகத்தை மட்டும். இவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. கல்லூரியில் சேர்க்க அவளைக் கூட்டிக்கொண்டு போன அன்று சலூன்காரர் அரைநாள் கடையை மூடினார். தன் கல்யாணத்தன்றே காலையில் நாலு தலை முடித்துவிட்டுக் கிளம்பியவர் அவர்.

கல்லூரியில் உருவம் வரைகிற முதல் வகுப்பு. நடுவில் ஒரு மனிதர் அரைக்கால் சட்டையோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பொடி இருபது நிமிஷத்தில் தலையை முடித்துவிட்டாள். பக்கத்துப் பலகைக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அந்தக் குஷியிலேயே அவள் கையை ஓட்டி மீதியையும் முடித்தாள். வரைதல் ஆசிரியர் வந்து பின்னால் நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் மாட்டினார்.

“தலை ரொம்ப நல்லாருக்கு. இந்தத் துணி எங்கேருந்து வந்துச்சு?”

பொடி அப்போதுதான் தன் படத்தைப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றி இறுக்கிய ஒரு வெள்ளைத் துணி முழங்கால்வரை கூடாரமாக விரிந்திருந்தது. அடியில் இரண்டு பாதங்கள். அவள் பிறந்ததிலிருந்து பார்த்த மனிதர்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். வகுப்பே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் சிரிப்பு வரவில்லை. துணியைப் போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தால், உடம்பு சாக்கு மூட்டையாக வந்தது, கைகள் குழாய்களாகத் தொங்கின. வருஷத்தின் நடுவில் வந்த குறிப்புச் சீட்டில் இரண்டே வரி: தலை, மிக நன்று. உடல், இல்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. விடுமுறை முடிந்ததும் பரிசோதனை. பன்னிரண்டு முழு உருவங்கள் கொண்டுவர வேண்டும், அதில் ஒன்றாவது நின்றிருக்கும் உருவமாக, பெரிய அளவில் இருக்க வேண்டும். தேறினால் இரண்டாம் வருஷம். தேறாவிட்டால் முதல் வருஷத்தைத் திரும்பப் படிக்கவும் வழியில்லை, வீடுதான். கையில் ஐந்து வாரம். பொடி பெட்டியையும் சீட்டையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சீட்டை எடுத்து வைத்தாள். அம்மா, விலாசம் சரியாக எழுதாத கடிதத்தைப் படிப்பதுபோல அதை இரண்டு தரம் படித்தாள். சலூன்காரர் ஒரே தரம் படித்துவிட்டு ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். மகளுக்குத் திறமை போதவில்லை என்று எழுதியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. இது தன் கைவேலை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மனிதனையும் கழுத்துவரை மூடி மூடி, உலகத்தில் பாதியைப் பிள்ளையின் கண்ணில் படாமல் தானே மறைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது.

“நாளையிலேருந்து கடையில துணி கிடையாது” என்றார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “முடி?”

“விழட்டும்.”

மறுநாள் முதலில் வந்து மாட்டிக்கொண்டவர் தலைமையாசிரியர். உட்கார்ந்து, வழக்கம்போலத் தாடையை உயர்த்திக் காத்திருந்தார். துணி வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும், கல்வி சம்பந்தப்பட்டது என்பதால் மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டார். கத்தரி பேச ஆரம்பித்தது. சலூன்காரர் தற்செயலாகக் கீழே பார்த்தார், கை அப்படியே நின்றுவிட்டது. அறுநூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற அந்த மனிதர், கட்டை விரல்களை உள்ளே மடக்கி, இரண்டு கைகளையும் குழந்தைபோல இறுகப் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதருகில் கத்தரி வந்தபோதெல்லாம் பிடி இன்னும் இறுகியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகம் தலைமையாசிரியராகவே இருந்தது.

சலூன்காரர் மெல்லத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். பொடி ஏற்கெனவே வரைந்துகொண்டிருந்தாள்.

இறைச்சிக் கடைக்காரர் வந்தார். ஆள் கதவளவு இருப்பார். மெஷினை ஓட்டியதும் அவருடைய கால்விரல்கள் பத்தும் செருப்பைவிட்டு மேலே தூக்கிக்கொண்டன, கடைசிவரை இறங்கவில்லை. பூட்டு ரிப்பேர் செய்கிறவரின் வலது கை, மடியில் இல்லாத ஒரு பூட்டைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. வக்கீல் ஏதோ ஒரு வழக்கை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார், நாலாவது விரலுக்கு வரும்போதெல்லாம் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். சலூன்காரருக்குத் தன் கடையே புதிதாக இருந்தது. இருபத்தாறு வருஷமாக இவர்களெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்; தன் மூக்குக்குக் கீழே, ஒரு முழத் துணிக்கு அடியில், இவ்வளவு நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஊரில் இரண்டு கட்சி ஆயிற்று. முதுகெல்லாம் அரிக்கிறது, வீட்டில் பனியனை உதறினால் பூனைக்குட்டி அளவுக்கு முடி விழுகிறது என்று சிலர் ஏ.சி. சலூனுக்குப் போனார்கள். சிலர், என் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே, வெட்ட முடியில்லாத தலையோடு வந்து உட்கார்ந்தார்கள். வீட்டிலும் அவஸ்தைதான். முடி படியேறி வந்தது. சூப்பில் வந்தது. தபால் நிலையத்தில் ஒரு கடிதத்தின் கோந்தில்கூட யாருடைய கிருதாவோ ஒட்டிக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னாள். ஆனால் பொடியின் நோட்டுகள் நிரம்பின. கைகள் குழாயாக இல்லை, கைகளாக இருந்தன. முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. மூன்று வாரத்தில் பதினோரு உருவங்கள் தேறிவிட்டன, பதினொன்றும் நல்ல உருவங்கள். பதினொன்றும் உட்கார்ந்திருந்தன.

நிற்கும் உருவம் மட்டும் வரவில்லை. எத்தனை முறை போட்டாலும் காகிதத்தில் ஆணியில் மாட்டிய சட்டைபோலத் தொங்கியது. உட்கார்ந்திருப்பவரை நாற்காலி தாங்குவது தெரிகிறது, நிற்கிறவரை எது தாங்குகிறது என்றுதான் புரியவில்லை என்று பொடி அப்பாவிடம் சொன்னாள். பரிசோதனைக்கு இரண்டு வாரம் இருந்தது.

சலூன்காரர் ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினார். நாற்காலியை மூலைக்குத் தள்ளிவிட்டு, வருகிறவர்களை நிற்கவைத்து வெட்ட ஆரம்பித்தார். பஸ் டிரைவர் ஆறடிக்கு மேல். அவருக்கு உச்சி வெட்ட சலூன்காரர் சோப்புப் பெட்டிமேல் ஏற வேண்டியிருந்தது. பெட்டி ஆடியது, டிரைவர் பயந்து குனிந்தார், கத்தரி ஒரு பிடி முடியை அதிகமாகவே வாங்கிக்கொண்டது. அவ்வளவு கஷ்டப்பட்டும் பிரயோஜனமில்லை. நில்லுங்கள் என்று சொன்னதும் எல்லாரும் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்துக்கொண்டார்கள். பொடி நாலு காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போது வேலை முடிந்து அம்மா உள்ளே வந்தாள்.

அவள் கதவருகே நின்று, பெட்டிமேல் நிற்கிற புருஷனையும், உச்சியில் பள்ளம் விழுந்த டிரைவரையும், கிழிந்த காகிதங்களையும் நிதானமாகப் பார்த்தாள். கடிதத்தைச் சரியான பொந்தில் போடுவதே பிழைப்பாக இருப்பவள் அவள்.

“ஏங்க, இந்தக் கடையில இருபத்தாறு வருஷமா ஒரு மனுஷன் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்காரு. அவருக்குத் துணியும் போத்தறதில்ல. அப்பாவும் பொண்ணும் சேர்ந்து ஊரையெல்லாம் நிக்கவெச்சுப் பாக்கறீங்களே, அந்த ஆளை ஏன் ரெண்டு பேருமே பாக்கல?”

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. முதலில் புரிந்துகொண்டவர் டிரைவர். அவர் மெல்லத் திரும்பி, பெட்டிமேல் நின்றிருந்தவரை அண்ணாந்து பார்த்தார்.

பொடி மாடிக்கு ஓடிப்போய்ப் பழைய நோட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். காலண்டர் தாள்களைப் புரட்டினாள். பதினைந்து வருஷத்துத் தலைகள். ஊரில் முடி உள்ள அத்தனை பேரும் இருந்தார்கள். முடி இல்லாதவர்களும் இருந்தார்கள். அப்பா ஒரு தாளில்கூட இல்லை.

“உங்களைப் பாக்கணும்னு தோணவே இல்லப்பா” என்றாள். முகம் சிவந்துவிட்டது. “நீங்க இருந்தீங்க. அவ்வளவுதான்.”

“அதுக்கென்ன இப்போ” என்றார் சலூன்காரர். ஆனால் அவர் இறங்கிவந்து பெட்டியைத் தள்ளிவைக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் இஸ்திரி போட்ட சட்டையோடும், சீவிய தலையோடும், உள்ளே இழுத்துப் பிடித்த வயிற்றோடும் கடைக்கு இறங்கினார். நாற்காலியும் துணியும் பழைய இடத்துக்குத் திரும்பின. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மகள் பக்கம் முகத்தைக் காட்டினார். பொடி பென்சிலைத் தொடவில்லை. இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிறு, துணி திரும்பவும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஊரே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. ஏ.சி. சலூனுக்குப் போனவர்கள்கூட ஒன்றும் நடக்காததுபோல வந்தார்கள். முப்பத்திரண்டு தலைகள். எட்டாவது தலையில் அவருக்கு வயிறு மறந்துபோயிற்று. பன்னிரண்டாவதில் மகள் மறந்துபோனாள். சுழிகளைப் பற்றியும் பிடரிகளைப் பற்றியும் பேசிக்கொண்டே, அவர் தன் பாட்டுக்கு நின்றார். பின்னாலும் பக்கத்திலும் நகர்ந்து நகர்ந்து, பொடி மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட மாடிக்குப் போகாமல் வரைந்தாள்.

நான்கு நாள் கழித்துப் பெரிய படம் முடிந்தது. ஆள் உயரக் காகிதம், கரியால் போட்ட உருவம். சாப்பாட்டு மேஜைமேல் விரித்தபோது அது மேஜைக்கு வெளியே வழிந்தது. சலூன்காரர் குனிந்து பார்த்தார். ஒரு மனிதர் இடது காலில் முழு எடையையும் போட்டுக்கொண்டு, வலது தோளைக் காதுவரை ஏற்றிக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி நின்றிருந்தார்.

“இது நான் இல்லம்மா. இந்த ஆளு ஒரு பக்கமா சாஞ்சிருக்கானே.”

அம்மா தட்டுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நீங்கதான். உங்க சட்டை எல்லாத்துலயும் வலது தோள்லதான் முதல்ல தையல் விடும். வருஷக்கணக்கா நான்தானே தெச்சுக்கிட்டிருக்கேன்.”

அவர் கடைக்கு இறங்கிப்போனார். விளக்கைப் போட்டுவிட்டுக் கண்ணாடிமுன் நின்றார். தினமும் அதே இடத்தில்தான் நிற்கிறார், ஆனால் அந்தக் கண்ணாடியில் அவர் இதுவரை பார்த்ததெல்லாம் அடுத்தவன் தலையைத்தான். இப்போது நாற்காலியில் யாரும் இல்லை. கத்தரியைப் பிடிப்பதுபோலக் கையைத் தூக்கினார். தோள் தானாக ஏறியது, இடுப்பு தானாக ஒதுங்கியது. உடம்பு எப்போது இப்படி ஆயிற்று, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அவருக்குத் தன்மேலேயே பாவமாக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, யாருக்கும் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு பெருமையும் இருந்தது. பிள்ளை இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். மேலே போய், படம் நன்றாக இருக்கிறது, ஆனால் காது கொஞ்சம் பெரிசு என்று சொன்னார். காது சரியாகத்தான் இருந்தது.

பரிசோதனை அன்று படச்சுருளை பஸ்ஸில் தூக்கிக்கொண்டுபோக ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்தச் சாக்கில் சலூன்காரரும் போனார். நீளமான அறை, உயரமான ஜன்னல்கள், தரையெல்லாம் கரித்தூள். வரைதல் ஆசிரியரும், சிற்பம் சொல்லித்தருகிற ஒரு அம்மாவும் பரிசோதகர்கள். பொடி பன்னிரண்டு படங்களையும் சுவரில் குத்தினாள். அப்பா வாசலில், நல்ல சட்டையில், கோட்டைக் காவல்காரன்போல விறைப்பாக நின்றார். கல்லூரி என்றால் அவருக்கு அவ்வளவு மரியாதை.

பதினோரு படங்கள் சுலபமாகக் கடந்தன. தலைமையாசிரியரின் பொத்திய கைகளின் முன் ஆசிரியர் வெகுநேரம் நின்றார். சிற்ப அம்மா இறைச்சிக் கடைக்காரரின் கால்விரல்களைப் பார்த்துச் சத்தமாகவே சிரித்துவிட்டாள். பொடிக்கு உயிர் வந்தது. பிறகு ஆசிரியர் பெரிய படத்துக்கு வந்தார். ஒரு நீளப் பென்சிலை நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தார். பக்கவாட்டில் போய் அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“தலையிலேருந்து ஒரு கோடு இறக்கினா பாதத்துல வந்து விழணும்மா. இது எங்கேயோ வெளியே விழுது. தோளும் ரெண்டு விரல் வித்தியாசம். மத்த படமெல்லாம் பாத்து வரைஞ்சிருக்க, இதை நீயா கற்பனை பண்ணியிருக்க. இப்படி ஒரு ஆள் நின்னா விழுந்துடுவாரு.”

“விழமாட்டார் சார்” என்றாள் பொடி. “இருபத்தாறு வருஷமா நிக்கறார்.”

“யாரு?”

அவள் வாசலைக் காட்டினாள். ஆசிரியர் கூப்பிட்டார். சலூன்காரர் உள்ளே வந்து, சொன்ன இடத்தில், நட்டுவைத்த கம்பம்போல நின்றார். ஆசிரியர் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். தோள்கள் ஒரே மட்டத்தில்தான் இருந்தன. எப்பவும்போல நில்லுங்கப்பா என்று பொடி கெஞ்சினாள். அவரும் முயற்சி செய்தார். தோளைத் தூக்கினால் கால் மறந்தது, காலை மாற்றினால் இடுப்பு வேறு எங்கோ போயிற்று. குடித்தவர் குளிரில் நிற்பதுபோல இருந்தது. பொடியின் முகத்தில் ஈயாடவில்லை. சலூன்காரர் முயற்சியை விட்டுவிட்டுக் கைகளைத் தொங்கப்போட்டார். மூன்று வாரம் ஊரையே முடியால் மூடிவிட்டு, கடைசியில் தன்னால் நிற்கத் தெரியாமல் பிள்ளை தோற்கப்போகிறாள்.

போதும் என்று ஆசிரியர் கைகாட்டிவிட்டு, மேஜைப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, காகிதத்தை இழுத்து எழுதக் குனிந்தார்.

அப்போதுதான் அவருடைய பிடரி சலூன்காரரின் கண்ணில் பட்டது. அதைப் பிடரி என்று சொல்வதே தப்பு. வலதுபக்கம் ஒரு மட்டத்தில் முடிந்திருந்தது, இடதுபக்கம் வேறொரு மட்டத்தில். நடுவில் ஒரு படிக்கட்டு. இடது காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடி, கத்தரியே பார்த்திராத முடி, தன் இஷ்டத்துக்கு வளர்ந்து நின்றது. சலூன்காரர் கல்லூரியை மறந்தார். கால் தானாக இரண்டடி வைத்து ஆசிரியருக்குப் பின்னால் போய் நின்றது. இடது கால் எடையை வாங்கிக்கொண்டது. இடுப்பு ஒதுங்கியது. வலது தோள் காதுவரை ஏறியது. கழுத்து நீண்டது. ஒன்றும் பிடிக்காத வலது கை, அந்தக் கொத்து முடியிலிருந்து நாலு விரல் தள்ளிக் காற்றில் நின்று யோசித்தது.

“சார், திரும்பாதீங்க” என்றாள் சிற்ப அம்மா. குரல் மெதுவாகத்தான் வந்தது. “எழுதவும் எழுதாதீங்க. அந்தப் படம் உங்களுக்குப் பின்னாடி நிக்குது.”

அவள் பையிலிருந்து நூலில் கட்டிய ஒரு ஈயக் குண்டை எடுத்துக்கொண்டு வந்து, சலூன்காரரின் நெற்றிக்கு நேராகத் தொங்கவிட்டாள். குண்டு பாதத்துக்கு ஒரு சாண் வெளியே ஆடி நின்றது. பிறகு சுவருக்குப் போய்ப் படத்தின் நெற்றியிலிருந்து தொங்கவிட்டாள். அதே ஒரு சாண். தலை வெளியே போனால் இடுப்பு இந்தப் பக்கம் வந்து தாங்கிக்கொள்கிறது, ஒரு வருஷமாகக் களிமண்ணை வைத்துக்கொண்டு என் பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னாள்.

ஆசிரியர் திரும்பவில்லை. எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்ததை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “எனக்குப் பின்னாடி அப்படி என்னதாங்க இருக்கு?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க சார்” என்றார் சலூன்காரர், கண்ணை எடுக்காமல். “இடது காதுகிட்ட கொஞ்சம் விட்டுப்போயிருக்கு. யாரு வெட்டினது?”

“நானேதான்.”

“தெரியுதுங்க.”

சிற்ப அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசிரியர் முதுகு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, எழுதியிருந்த ஒரு வரியை அடித்துவிட்டு, வேறொன்று எழுத ஆரம்பித்தார். தேறிவிட்டாய், அடுத்த வருஷத்துக்குப் பெரிய பலகையாக வாங்கிக்கொள் என்று எழுதிக்கொண்டே பொடியிடம் சொன்னார். பொடிக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. ஓடிப்போய் அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். அவர் அசையவில்லை. இப்போது அவருக்குத் தான் எப்படி நிற்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. இடது கால் மரத்துப்போயிருந்தது, தோள் வலித்தது.

“அப்பா, நிமிருங்க. முடிஞ்சிடுச்சு.”

“இரும்மா” என்றார் அவர் உதட்டை அசைக்காமல். “அந்த அம்மாவும் கையெழுத்துப் போடட்டும்.”